மிராசோவாவின் மூன்று எழுத்துகள்

அந்த நோட்டுப் புத்தகத்தில் ஆண்டு எழுதப்படவில்லை. கிழமை இருக்கிறது, மணி இருக்கிறது, சில இடங்களில் நிமிடம்கூட இருக்கிறது. ஆண்டு மட்டும் இல்லை. பத்து வயதில், ஆண்டு எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதை எதற்கு எழுதுவது என்று நினைத்திருப்பேன். பின்னாளில் மற்றக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தம்பிக்கு முன்பல் விழுந்துவிட்டது; மாமாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் தொண்ணூற்று நாலின் குளிர்காலமும் தொண்ணூற்று ஐந்தின் குளிர்காலமும் மட்டுமே வருகின்றன. அதற்குமேல் என்னால் சுருக்க முடியவில்லை.

மாமா என்றால் உம்மாவின் தம்பி. யாங்கூனில், ஆற்றுக்குப் போகும் குறுக்குத் தெரு ஒன்றில் காகிதம், பேனா, கார்பன் விற்கும் கடை வைத்திருந்தார். கடையின் முன்பக்கத்தில் ஆங்கில டைப்ரைட்டர் ஒன்று இருந்தது. மனு எழுதவேண்டியவர்கள், வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள், கப்பலில் சேரப்போகிறவர்கள் எல்லோரும் அந்த டைப்ரைட்டரின் முன்னால் வந்து நிற்பார்கள். அவர்கள் மாமாவிடம் கேட்பது டைப் அடிப்பதை மட்டும் அல்ல. பெயரை எப்படி எழுதுவது என்றும் கேட்பார்கள்.

எங்கள் ஊரில் அது லேசான கேள்வி இல்லை. பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயருக்கும் மகன் பெயருக்கும் ஒட்டு இருக்காது. பெயருக்கு முன்னால் வயதுக்கும் மரியாதைக்கும் தக்கபடி ஆணுக்குக் கோ, ஊ என்றும் பெண்ணுக்கு மா, டோ என்றும் ஒரு சொல் சேரும். எங்களைப் போன்ற தமிழ் முஸ்லிம்களுக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். தகப்பனோ பாட்டனோ கடல் கடந்து வந்தவர் என்று தெரிந்தால் அடையாள அட்டை லேசில் கிடைக்காது. ஊருக்கே பெயர் மாறிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தது; மாமா வாயால் சொல்வது ரங்கூன், விரலால் அடிப்பது யாங்கூன். இப்படிப்பட்ட ஊரில் ஆங்கிலப் படிவம் வந்து முதல் பெயர் என்ன, கடைசிப் பெயர் என்ன என்று கேட்கும். மாமா ஒரு நொடி கண்ணை மூடுவார், பெயரை இரண்டாக உடைப்பார், அடித்துக் கொடுத்துவிடுவார். அவர் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்தக் குளிர்காலத்தில் பெண்களுக்கான சிறிய சர்வதேச டென்னிஸ் போட்டி ஒன்று ஊரில் நடந்தது. பெரிய ஆட்டக்காரர்கள் யாரும் வரவில்லை. தாய்லாந்து, இந்தோனேசியா, ஜப்பான், இந்தியா என்று பக்கத்து நாடுகளிலிருந்து, பெயர் வெளியே தெரியாத இளம்பெண்கள் வந்திருந்தார்கள். போட்டிக்கான பட்டியல்களை அடித்துத் தரவும் களத்தின் ஓரம் வைக்கும் பலகையில் பெயர் எழுதவும் மாமாவைக் கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கையெழுத்துப் பட்டியல் கடைக்கு வந்தது. நான் எழுத்துக் கூட்டிச் சொல்ல, மாமா அடித்தார்.

"அடுத்தது?"

"எம், ஆர், ஏ, இஸட்..."

"மிராஸ்!" மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா புள்ள? மிராசு! அரபுப் பேரு. எந்த நாடு?"

"செக் குடியரசுன்னு போட்டிருக்கு."

"பாத்தியா, அங்கயும் நம்ம ஆளுக இருக்காங்க."

"இன்னும் முடியல மாமா. ஓ, வி, ஏ."

டைப்ரைட்டர் நின்றது. மாமா பட்டியலை வாங்கிப் பார்த்தார். பிறகு இன்னொரு தாளைப் பார்த்தார். அதில் ஆட்டக்காரர்களோடு வந்தவர்களின் பெயர்கள் இருந்தன. அந்தப் பெண்ணோடு பயிற்சியாளராக வந்திருப்பவர் அவளுடைய தகப்பனார். அவர் பெயர் வெறும் மிராஸ்.

"ஓவா வேணாம்" என்றார் மாமா.

"எழுதியிருக்கே?"

"எழுதியிருக்கும். பேப்பர்ல விளையாட்டுப் பக்கம் பாக்குறீல்ல? அந்த நாட்டுப் பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் ஓவா ஓவான்னுதான் முடியுறாங்க. எல்லாரும் ஒரே வயித்துல பொறந்தவங்களா? இல்ல. அது நம்ம 'மா' மாதிரி. நாம முன்னால வெக்கிறோம், அவங்க பின்னால வெக்கிறாங்க. இந்தப் படிவத்துல ஏற்கெனவே மிஸ்ஸுன்னு அச்சடிச்சிருக்கு. மிஸ் மிராசோவான்னு அடிச்சா என்ன ஆகும்? மிஸ் மா மிராஸ். ரெண்டு மரியாதை. நம்மளப் பைத்தியக்காரப் பயலுகம்பாங்க."

"அவங்க வாப்பா..."

"வாப்பா மிராஸ், மக மிராஸ். தீந்துச்சு. அடுத்தது?"

பல வருடங்களுக்குப் பிறகு அந்த மொழியின் இலக்கணத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். மாமா சொன்னது முக்கால்வாசி சரி. அந்த நாட்டில் பெண்ணின் குடும்பப் பெயர் அப்படித்தான் முடியும். தகப்பனுக்கு இல்லாத விகுதி மகளுக்கு உண்டு. மரியாதைச் சொல்லைக் கழற்றி வைக்கலாம், இதைக் கழற்ற முடியாது என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரியாமல் போனது. நான் என் நோட்டில் கையெழுத்துப் பட்டியலில் இருந்தபடியே ஓவாவோடு எழுதிக்கொண்டேன். எதிர்ப்பு ஒன்றும் இல்லை. பார்த்து எழுதினால் பார்த்தபடி எழுதவேண்டும் என்பது என் பழக்கம்.

திங்கட்கிழமை மாலை மாமா ஒரு தூக்குப் பாத்திரத்தில் பரோட்டாவும் கறியும் எடுத்துக்கொண்டு, தூரதேசத்துச் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர் மாதிரி என்னையும் கூட்டிக்கொண்டு களத்துக்குப் போனார். அந்தத் தகப்பனார் ஒல்லியாக, உயரமாக, மூக்கு சிவந்து இருந்தார். அவருடைய ஊரில் டிராம் வண்டிகள் பழுதுபார்க்கும் இடத்தில் பிட்டர் வேலையாம். சம்பளம் இல்லாத விடுப்பில் வந்திருந்தார். பரோட்டாவை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, இதோடு குடிக்க ஒரு பீர் கிடைக்குமா என்று கேட்டார். மாமா கொஞ்சமும் அசரவில்லை. "துருக்கிப் பக்கத்து ஆளா இருப்பான்" என்று என் காதில் சொன்னார். மிராஸ் என்றால் தங்கள் மொழியில் உறைபனி, விடியற்காலையில் புல்லின்மேல் வெள்ளையாகப் படிந்திருக்குமே அது, என்று அவர் விளக்கியபோதும், "அதுவும் நல்ல பேருதான்" என்று மாமா ஒப்புக்கொண்டார்.

மகளுக்குப் பதினேழு வயது. இடதுகைக்காரி. முழங்காலில் ஆறிய காயங்கள் நிறைய. களத்துக்குப் பின்னாலிருந்த சுவரில் பந்தை அடித்துக்கொண்டே, எனக்குப் புரியும் அளவுக்குச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் பேசினாள். நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கேள்வி கேட்டதால், பத்திரிகைக்காரர்களிடம் பேசிப் பழகிக்கொள்ள இது நல்ல வாய்ப்பு என்று சிரித்தாள். எப்போது ஆட ஆரம்பித்தாய்? ஏழு வயதில், டிராம் கொட்டகையின் பின்சுவரில். எப்போதிலிருந்து இதையே தொழிலாக ஆடுகிறாய்? இந்த வசந்தத்திலிருந்து. எத்தனை ஆட்டம் ஜெயித்தாய்? இங்கே கொஞ்சம் யோசித்தாள். எண்ணிக்கை முக்கியமில்லை என்றாள்.

முக்கியமானது எது என்று அவள் சொன்னதை ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன். மூன்று வெவ்வேறு போட்டிகளில் குறைந்தது ஒவ்வோர் ஆட்டமாவது ஜெயித்தால்தான் உலகத் தரவரிசைப் பட்டியலில் பெயர் ஏறும். அவள் இரண்டில் ஜெயித்திருந்தாள். அவளுடைய தாயாருக்கும் தகப்பனாருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. வருட முடிவுக்குள் பட்டியலில் பெயர் வந்தால் தொடர்ந்து ஆடலாம். வராவிட்டால் ஜனவரியில் ரொட்டிக் கடை வேலை படிக்கும் பள்ளியில் சேர்ந்துவிடவேண்டும், இடம்கூடப் பிடித்துவைத்தாயிற்று. அந்த வருடத்தில் அவர்களால் போக முடிந்த கடைசிப் போட்டி எங்கள் ஊர்ப் போட்டிதான்.

"ரொட்டி சுடத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"நன்றாகத் தெரியும். அதுதான் பிரச்சினை" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவளுடைய ஆட்டம். பலகையில் மாமாவின் அழகான கொட்டை எழுத்தில் மிராஸ் என்று இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், தகப்பனாரைப் பார்த்தாள், ராக்கெட்டை அவரிடம் நீட்டி, நீயே போய் ஆடு என்று சைகை காட்டினாள். அவர் இரண்டு கையையும் விரித்தார். பலகைதானே என்று விட்டுவிட்டார்கள்.

எதிரில் ஆடியது இந்தோனேசியப் பெண். குள்ளம், ஆனால் எந்தப் பந்தையும் விடமாட்டாள். முதல் செட்டை மிராசோவா தோற்றாள். இரண்டாவது செட்டில் தன்னைத் தானே திட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். அவள் திட்டத் திட்ட சர்வீஸ் பலமானது. மாமா மேல்துண்டை முறுக்கிக்கொண்டு, "அடி புள்ள, கோட்டுக்குப் பக்கத்துல அடி" என்று தமிழில் கத்தினார். அடுத்த பந்து கோட்டை ஒட்டி விழுந்தது. தான் சொன்னதால்தான் என்று மாமா கடைசிவரை நம்பினார். மூன்றாவது செட்டில் எதிராளி களைத்துவிட்டாள். ஜெயித்தது பிற்பகல் ஒன்று நாற்பத்தேழுக்கு. அவள் ராக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, களத்தின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்று, தகப்பனாரைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னாள். என்ன சொல் என்று பிறகு கேட்டேன். மூன்று, என்றாள்.

வியாழக்கிழமை இரண்டாவது சுற்றில் தாய்லாந்துப் பெண்ணிடம் தோற்றாள். அதைப் பற்றி இருவருமே கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தலைமை நடுவர் ஒரு சிங்கப்பூர்க்காரர், பெரிய உடம்பு. செவ்வாய் இரவு எங்கோ மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்டு வயிறு கெட்டுப்போய், மிச்ச நாள் முழுவதும் ஓட்டல் அறையில் படுத்துவிட்டார். மாமா அடித்த முடிவுத் தாள்கள் அவருடைய கட்டிலுக்குப் போகும். அவர் படுத்தபடியே கையெழுத்துப் போடுவார். எல்லாத் தாள்களையும் அவரே கையோடு எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மாலை விமானத்தில் போய், பட்டியல் தயாரிக்கிற அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது ஏற்பாடு.

சனிக்கிழமை மதியம் தகப்பனும் மகளும் விடைபெற்றுக்கொள்ளக் கடைக்கு வந்தார்கள். மறுநாள் அவர்களுக்கு விமானம். மாமா டீ வரவழைத்தார். பிறகு, இந்த ஊரில் வேலை எவ்வளவு சுத்தமாக நடக்கிறது பாருங்கள் என்று, முதல் சுற்று முடிவுத் தாளின் கார்பன் பிரதியை எடுத்து அவர்முன் வைத்தார்.

தகப்பனார் கண்ணாடியை மாட்டிப் படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இது நான்" என்றார்.

"ஆமாம் மிஸ்டர் மிராஸ், குடும்பப் பெயர்..."

"இல்லை. இது நான்." அவர் தன் நெஞ்சில் விரலை வைத்தார். "இந்தத் தாளின்படி இந்தோனேசியப் பெண்ணை ஜெயித்தது நான். ஐம்பது வயது. முதுகுவலி." மகளைக் காட்டினார். "இவள் வரவே இல்லை."

அந்த அலுவலகத்தில் ஓவா உள்ள பெயரில்தான் அவளுடைய முந்தைய இரண்டு வெற்றிகளும் பதிவாகியிருந்தன. மூன்றாவது வேறு யாரோ பெயரில் போய்ச் சேர்ந்தால் அதைத் தேடி எடுத்து இவளிடம் ஒட்டவைப்பார்களா, அதற்கு எத்தனை மாதம் ஆகும், ஜனவரி காத்திருக்குமா என்று அவர் அரைகுறை ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டே போனார். மகள் மனு எழுதவருகிறவர்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"என் நோட்டுல ஓவா இருக்கு மாமா" என்றேன்.

மாமா நோட்டை வாங்கிப் பார்த்தார். வாதம் பண்ணுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒன்று வந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு, புதுத் தாளைச் சொருகினார்.

"சொல்லு புள்ள, மொதல்லேருந்து. முழுத் தாளையும் அடிப்போம்."

"மூணு எழுத்துதானே மாமா, பக்கத்துல சேத்து எழுதிட்டா?"

"பேருல கைய வெச்சுத் திருத்துன தாள ஒருத்தனும் நம்பமாட்டான். எனக்குத் தெரியும். சொல்லு."

நான் சொல்ல அவர் அடித்தார். மணி இரண்டு ஐம்பதுக்கு முடிந்தது. தாளை என் தலைக்கு மேலாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு மாதிரி புள்ள. இது மட்டும் எழுதி வெக்கலன்னா இன்னிக்கு என் கத கந்தல்தான்" என்றார்; அந்த இருவரிடமும் ஆங்கிலத்திலும் என்னைப் புகழ்ந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஓட்டலுக்கு ஒரு சின்ன நீல டாக்ஸியில் போனோம். முழங்காலோடு முழங்கால் இடிக்க நால்வரும் உட்கார்ந்தோம். நடுவர் பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் மிங்கலாடோன் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார் என்றார்கள். தகப்பனும் மகளும் திரும்பி டாக்ஸியை நோக்கி ஓடினார்கள். மாமா ஓடவில்லை. ஓட்டல் படியில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். 'மாமா நின்றது ஒரு நிமிடம்' என்று எழுதிவைத்திருக்கிறேன்.

"நீங்கள் போங்கள், அங்கே எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும்" என்று அந்தத் தகப்பனாரிடம் சொன்னார்.

"வாசலில் காவலருக்கும் தெரியுமா?" என்று அவர் கேட்டார்.

மாமா வந்து ஏறிக்கொண்டார். வழியெல்லாம் டாக்ஸிக்காரரைச் சிரிக்கவைத்துக்கொண்டே வந்தார்.

விமான நிலைய வாசலை அடைந்தபோது மணி மூன்று ஐம்பத்தைந்து. ஐந்து மணிக்கு விமானம். வாசலில் சீருடையோடு ஒரு காவலர் வெற்றிலை மென்றுகொண்டு நின்றார். நல்ல மனிதர் என்றே குறித்திருக்கிறேன்; என் நோட்டைப் பார்த்து, பெரிய அதிகாரியா என்று கேட்டு இரட்டைப் பின்னலைத் தொட்டார். எல்லாப் பேச்சும் பர்மிய மொழியில்.

"ஸயா, அஞ்சே நிமிஷம்" என்றார் மாமா. ஸயா என்பது அங்கே ஐயா என்பதுபோல. "உள்ள சிங்கப்பூர்க்காரர் ஒருத்தர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும். இந்தப் பொண்ணோட எதிர்காலமே இதுலதான் இருக்கு."

"டிக்கெட் இருக்கா?"

"இவங்களுக்கு நாளைக்குத்தான் ஸயா."

"அப்ப வெள்ளக்காரங்க உள்ள போக முடியாது. நீங்க வேணா போய்ட்டு வாங்க. அடையாள அட்டையக் குடுத்துட்டுப் போங்க."

மாமா சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் மடித்துவைத்த ஒரு காகிதத்தை எடுத்தார். காவலர் அதைப் பிரித்தார். மடிப்புகள் விட்டுப்போயிருந்தன.

"அட்டை எங்க? இது ரசீதுல்ல?"

"மனுப் போட்டிருக்கு ஸயா. வந்துரும்."

"எத்தன வருஷத்துக்கு முந்துன ரசீது இது!" காவலர் சிரித்தார். "எங்க பொறந்தீங்க?"

"டாலா. ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"தகப்பன் பேரு?"

மாமா ஒரு பெயர் சொன்னார். 'ஊ' என்று தொடங்கி, இரண்டே அசையில் முடிந்த பர்மியப் பெயர். காவலர் காகிதத்தில் விரல் வைத்துச் சரிபார்த்துத் தலையாட்டினார்; அதில் அப்படித்தான் இருந்தது.

ஆனால் அது நன்னாவின் பெயர் இல்லை. நன்னா என்றால் உம்மாவுக்கும் மாமாவுக்கும் தகப்பனார். போன பெருநாளன்று கபர்ஸ்தானுக்குப் போனபோது அவரை அடக்கிய இடத்தில் நட்டிருந்த மீசான் கல்லைப் பார்த்து, ஒரு புள்ளிகூட விடாமல் நான் எழுதிவைத்திருந்தேன். ஒரே வாரத்தில் இரண்டாவது தடவையாக மாமா ஒரு பெயரைத் தப்பாகச் சொல்கிறார், அதுவும் சொந்தத் தகப்பனார் பெயரை, பதற்றத்தில். நல்லவேளை நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று தோன்றியது.

"அது இல்ல மாமா" என்றேன். பிறகு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் நல்ல பர்மிய மொழியில் காவலரிடம் சொன்னேன். நன்னாவின் பெயர், அவருடைய தகப்பனார் பெயர், கல்லில் முதலில் பொறித்திருந்த ஊர்ப் பெயர் தொண்டி. நோட்டையும் திறந்து பக்கத்தைக் காட்டினேன்.

காவலர் மெல்லுவதை நிறுத்தினார். மாமாவைக் கேட்காமல் என்னைக் கேட்டார்.

"தொண்டி எங்க இருக்கு பாப்பா?"

"இந்தியாவுல. கடலோரமா" என்றேன்.

மாமாவின் கை என் தோளில் விழுந்தது. அழுத்தவில்லை, சும்மா கிடந்தது. ஆனால் கனமாக இருந்தது. மறுகையால் அவர் தாளை அந்தப் பெண்ணிடம் நீட்டி, "கண்ணாடிப் பக்கமாகப் போ. அவரைத் தேடு. பேனா இதோ" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு காவலரோடு பக்கத்திலிருந்த அறைக்குப் போனார். கதவு சாத்தப்பட்டது. மணி நான்கு ஐந்து.

மிராசோவா ஓடினாள். வெளிப்புறக் கண்ணாடியை ஒட்டி, ஒவ்வொரு இடத்திலும் நெற்றியைப் பதித்து உள்ளே பார்த்தபடி அந்த நீளம் முழுவதும் ஓடினாள். கழிப்பறைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த நடுவரை அவள்தான் கண்டுபிடித்தாள். இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியைத் தட்டினாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துவந்தார். அவள் தாளைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து, பெயரின் கடைசி மூன்று எழுத்துகளின்மேல் விரலை வைத்தாள். அவர் படித்தார். தன் பையிலிருந்து பழைய தாளை எடுத்து அதையும் படித்தார். அநேகமாக முதல் தடவையாக. பிறகு கதவிடுக்கு வழியாகக் கையை நீட்டி, தாளை வாங்கிச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பழைய தாளைக் கிழிக்கப்போனார்.

"வேண்டாம்!" என்று தகப்பனார் கத்தினார். "அது நான் ஜெயித்தது. எனக்குக் கொடுங்கள்."

நடுவர் கொடுத்துவிட்டார். அவர் அதை நாலாக மடித்துப் பையில் வைத்தபோது மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள், அழுகிறாள் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

மாமா வெளியே வரும்வரை அவர்கள் போகவில்லை. அந்தத் தகப்பனார் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை எழுந்துபோய்த் தட்டினார். காத்திருக்கும்படி சைகை காட்டினார்கள். ஐந்து மணிக்குமேல் விமானம் எங்கள் தலைக்குமேல் போனது. மாமா வந்தபோது மணி ஐந்து பதினைந்து; ஒரு மணி பத்து நிமிடம் உள்ளே இருந்திருக்கிறார். சட்டைப் பையில் பேனா இருக்கும் இடம் காலியாக இருந்தது.

"கையெழுத்து ஆச்சா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"ஆச்சு மாமா."

"யா தே" என்றார். சரி, பரவாயில்லை என்பதற்கு நாங்கள் எல்லோரும் சொல்வது. மிராசோவா அவருக்குப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினாள். தகப்பனார் எதையோ கேட்கவந்து, மகள் முழங்கையால் இடித்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவர்களை ஓட்டலில் இறக்கிவிட்டு நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். யாரையும் சிரிக்கவைக்கவில்லை.

"நான் தப்பாச் சொல்லிட்டேனா மாமா?" என்று கேட்டேன்.

"இல்ல புள்ள. சரியாத்தான் சொன்ன." பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே, "ரொம்பச் சரியாச் சொன்ன" என்றார். "உம்மாகிட்ட கையெழுத்துக் கதைய மட்டும் சொல்லு. போதும்."

மார்ச் மாதக் கடைசியில், தண்ணீர்த் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்னால், கடை விலாசத்துக்கு ஓர் உறை வந்தது. உள்ளே பொடி எழுத்தில் அச்சான நீளமான பட்டியலின் ஒரு துண்டு. கடைசிக்குப் பக்கத்தில், யாரும் படிக்காத இடத்தில், மிராசோவா. ஓவா மூன்று எழுத்தும் அப்படியே இருந்தன. பின்பக்கத்தில், ரொட்டிப் பள்ளியின் இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது என்று எழுதியிருந்தாள். மாமா அதை டைப்ரைட்டருக்கு மேலே ஒட்டினார். மனுக் கொடுக்க வருகிறவர்களிடம், "நம்ம மிஷின்ல அடிச்சதுதான்" என்பார்.

அதற்கு முன்பே, போட்டி முடிந்த மாதத்திலிருந்தே, மாமா ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை கடையில் இருப்பதில்லை. பிளாஸ்டிக் உறையைப் பையில் வைத்துக்கொண்டு காலையில் காவல் நிலையம் இருக்கும் பக்கமாகப் போவார், மதியம் தாண்டி வருவார். எங்கே என்று கேட்டால் கையெழுத்துப் போட என்பார். கையெழுத்து வாங்கவா என்று நான் திருத்துவேன்; இல்ல, போட, என்பார். கூட வருகிறேன் என்று எவ்வளவு கெஞ்சியும் அந்தச் சனிக்கிழமைகளில் மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போனதில்லை. எனக்குக் கோபம். போன மணி, வந்த மணி எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறேன். வரிசை அடுத்த மழைக்காலத்தைத் தாண்டி, மாமாவின் கல்யாணத்தையும் தாண்டிப் போகிறது.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதையும் எழுதியிருக்கிறேன். ஒரே நாளில் இரண்டு பெயர்களைச் சரியாகச் சொன்னேன். ஒன்றுக்குத்தான் பாராட்டினார்கள்.